பறக்கும் ரயில் பெட்டிக்கு ஓய்வு கொடுக்கும் நாள் வரும்... அதில் ஒன்றையாவது காப்பாற்றுவோமா?

திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு வேலைக்குப் போனவர்களில் தரமணி, பெருங்குடி, வேளச்சேரி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு ‘பறக்கும் ரயில்’ ஒரு அதிசயம் கிடையாது. குறைந்த கட்டணத்தில் ஆபீஸுக்குக் கொண்டுபோய் விடும் வண்டி, அவ்வளவுதான். மின்விசிறி சத்தம், இரும்புக் கைப்பிடி, திறந்தே கிடக்கும் கதவு, கீழே பக்கிங்காம் கால்வாயின் வாடை. யாரும் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பதில்லை.

ஆனால் இந்த வண்டிக்கும் நாள் குறிக்கப்படுகிறது. கடற்கரை - வேளச்சேரி பறக்கும் ரயில் தடத்தைச் சென்னை மெட்ரோ நிறுவனத்தோடு இணைப்பதற்கான பேச்சு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இணைப்பு முடிந்தால் குளிர்சாதன வசதியும் தானியங்கிக் கதவும் கொண்ட புது வண்டிகள் வரும். வரட்டும், வர வேண்டியதுதான். வெயிலில் வெந்துகொண்டு போகிற பயணிக்கு அது நல்ல செய்தி.

கேள்வி வேறு. பழைய பெட்டிகள் எங்கே போகும்?

ரயில்வே வழக்கப்படி பதில் எளிது. ஆயுள் முடிந்த பெட்டி ‘கண்டம்’ செய்யப்படும். பிறகு மின் ஏலம். ஏலம் எடுத்தவர் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிப் போவார். இந்தியாவில் உயர்நிலைப் பாதையில் ஓடிய முதல் நகர ரயிலின் பெட்டி என்பதெல்லாம் எடை போடும் தராசுக்குத் தெரியாது.

சரி, ஒரு பழைய எலெக்ட்ரிக் ட்ரெயின் பெட்டியைப் பாதுகாப்பதில் என்ன இருக்கிறது? திண்டுக்கல்லில் இருப்பவருக்கு அதனால் என்ன? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

மேலே ஓடும் ரயில் எப்படி வந்தது?

தெருவில் இடமில்லை, தூண் நட்டு மேலே ரயில் விடலாம் என்ற யோசனை 19ஆம் நூற்றாண்டுடையது. அமெரிக்காவின் நியூயார்க், சிகாகோ நகரங்களில் அது பெரிதாக வளர்ந்தது. சிகாகோவில் 1892 ஜூன் 6 அன்று தெற்குப் பகுதி உயர்மட்ட ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது அதை இழுத்தது நீராவி என்ஜின். வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கரிப்புகை, கீழே நடப்பவர் தலையில் தணல். ஊரே திட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மறு ஆண்டு, சென்னை அன்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தின் துணையோடு விவேகானந்தர் சிகாகோ போன அதே 1893இல், அந்த ஊரின் உலகக் கண்காட்சித் திடலுக்குள் மின்சாரத்தில் ஓடும் உயர்மட்ட ரயில் ஒன்று பார்வையாளர்களைச் சுமந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டி மின்சார உயர்மட்ட ரயில் பாதை திறக்கப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பிராங்க் ஸ்பிரேக் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதற்கு முன் கட்டடங்களுக்கு லிஃப்ட் செய்துகொண்டிருந்தார். பல லிஃப்டுகளை ஒரே இடத்தில் இருந்து கட்டுப்படுத்த முடிகிறது என்றால், பல ரயில் பெட்டிகளை ஏன் முடியாது? அந்தக் கேள்வியில் இருந்து 1897இல் ஒரு தொழில்நுட்பம் பிறந்தது. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் மோட்டார். முன்னால் இருக்கும் ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால், ஒரு மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பி வழியாக எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தனி என்ஜின் தேவையில்லை. கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோனால் போதும், வண்டி திரும்பிவிடும். எல்லாச் சக்கரமும் தள்ளுவதால் சட்டென்று வேகம் எடுக்கும். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கும் நகர ரயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதை முதலில் வாங்கிப் போட்டுப் பார்த்தது அதே சிகாகோ உயர்மட்ட ரயில்தான்.

இதைத்தான் நம்ம ஊரில் ‘இஎம்யு’ என்கிறார்கள். சென்னைப் புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ எல்லாமே இந்தக் குடும்பம். இன்னொன்றும் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்து நாகர்கோவில் போகும் வந்தே பாரத், திண்டுக்கல்லில் நிற்கிறதே, அதற்கு ஏன் தனியாக என்ஜின் இல்லை என்று யோசித்ததுண்டா? பாதிக்குப் பாதி பெட்டிகளின் அடியில் மோட்டார் இருக்கிறது. அடிப்படை யோசனை, சிகாகோவின் மேல்மட்டத் தண்டவாளத்தில் சோதிக்கப்பட்ட அதே யோசனை.

1931இல் சென்னை

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் ஓடியது. தென்னிந்தியாவுக்கு அது வந்தது 1931இல். சவுத் இந்தியன் ரயில்வே நிறுவனம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையை 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மின்மயமாக்கியது.

இன்றைய சென்னையின் வரைபடத்தை வரைந்தது அந்த ரயில் என்று சொன்னால் மிகை இல்லை. பாரிமுனையில் குமாஸ்தா வேலை, மாம்பலத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு என்ற வாழ்க்கை அதற்குப் பிறகுதான் சாத்தியமானது. கையில் சீசன் டிக்கெட், டிபன் கேரியர், தொங்கிக்கொண்டு ஒரு பயணம். ஊரில் இருந்து வந்து எழும்பூரில் இறங்கிய எத்தனையோ பேர் முதன்முதலில் ஏறிய ‘கரன்ட் வண்டி’ அது.

1960களில் இந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அதில் ஓட ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்திடம் இருந்து 20 மீட்டர்கேஜ் மின்சார என்ஜின்கள் வந்தன. ‘யாம்-1’ என்பது அவற்றின் வகைப் பெயர். திண்டுக்கல் வாசகருக்கு இந்த இடத்தில் ஏதோ நினைவு வர வேண்டும். அப்போது திண்டுக்கல், மதுரை பக்கமிருந்து சென்னைக்கு வந்த ரயில்கள் எல்லாம் மீட்டர்கேஜ். விழுப்புரத்தில் வண்டி நிற்கும். டீசல் என்ஜினைக் கழற்றுவார்கள். மின்சார என்ஜின் வந்து மாட்டும். அந்த நேரத்தில் இறங்கி டீ குடித்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். டீயைவிட, வண்டி கிளம்பிவிடுமோ என்ற பயம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

திருச்சியில் இருந்து மதுரைக்குத் திண்டுக்கல் வழியாக ரயில் வந்தது 1875இல். திண்டுக்கல் - பழனி - பொள்ளாச்சி பாதை வந்தது 1928இல். இரண்டுமே மீட்டர்கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர். இப்போதைய அகலப்பாதையில் அது 1,676. இந்த 676 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் ஒரு தலைமுறை வண்டிகளையே காயலான் கடைக்கு அனுப்பியது.

மாற்றம் தேவையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மீட்டர்கேஜில் நேராக டெல்லிக்கோ பெங்களூருக்கோ போக முடியாமல் வழியில் வண்டி மாறிய காலத்தைத் திண்டுக்கல் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1990களில் சென்னை - மதுரை தடம் அகலமானது. பொள்ளாச்சிப் பாதையில் 2009இல் மீட்டர்கேஜ் நிறுத்தப்பட்டு, 2015இல் பணி முழுதாக முடிந்தது. சென்னையில் 2004 ஜூலை 1 அன்று மீட்டர்கேஜ் மின்சார ரயில் கடைசியாக ஓடி நின்றது. 73 ஆண்டுகள். அதோடு யாம்-1 என்ஜின்களின் காலமும் போயிற்று.

இன்று தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் ரயில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே இடம்தான். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில். சமவெளியில் ஒரு கிலோமீட்டர்கூட மிச்சமில்லை. அதாவது, 1931ஆம் ஆண்டு வகைப் பெட்டி ஒன்றை இன்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும், அதை ஓட்டிப் பார்க்கத் தண்டவாளம் கிடையாது. தண்டவாளம் போட்டாலும் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் கொடுக்கும் கம்பி கிடையாது. பம்பாயிலேயே 2016இல் அந்த முறை முடிவுக்கு வந்துவிட்டது.

நீராவிக்குக் கிடைக்கும் மரியாதை

ரயில் பாரம்பரியம் என்றாலே நம்மூரில் நீராவி என்ஜின்தான். மதுரை ஸ்டேஷன் வாசலில் பார்க்கலாம். மற்ற பெரிய ஸ்டேஷன்கள் பலவற்றிலும் கறுப்பு பெயின்ட் அடித்து, சக்கரத்துக்குச் சிவப்பு பூசி ஒன்று நிற்கும். குழந்தையை ஏற்றிவிட்டுப் படம் எடுக்கலாம்.

அதைக் குறை சொல்லவில்லை. உண்மையில், இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமையான கதை இருக்கிறது. 1855இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘இஐஆர்-21’ என்ற என்ஜின் பல ஆண்டுகள் வெறும் காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருந்தது. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்து, இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து, 2010இல் மறுபடி ஓட வைத்தார்கள். சென்னையில் அவ்வப்போது சிறப்பு ரயிலாக அது ஓடும்போது ரயில் பிரியர்கள் கேமராவோடு ஓடுவார்கள். 150 வயதைத் தாண்டிய என்ஜினை உயிர்ப்பிக்கும் கைகள் நம்மிடமே இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் மின்சார ரயில் பெட்டிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. புகை இல்லை, கூவல் இல்லை, சினிமா நாயகன் கையசைக்கும் ஜன்னல்கூடக் கம்பி போட்டது. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் சவுத் இந்தியன் ரயில்வேயின் 1930 காலத்து மின்சார என்ஜின் ஒன்று இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அது என்ஜின். நாள்தோறும் மக்கள் ஏறி இறங்கிய பெட்டியின் கதை வேறு. அதில்தான் பெண்கள் பெட்டி வந்தது; கூடையோடு பூக்காரம்மா ஏறினார்; வேலை தேடி வந்த பையன் முதல் நாள் தவறான பக்கம் இறங்கினான். இந்தச் சமூக வரலாற்றைச் சொல்ல என்ஜினுக்கு வாய் கிடையாது.

பறக்கும் ரயிலின் முறை

பறக்கும் ரயில் கடற்கரை - சேப்பாக்கம் இடையே 1995 நவம்பரில் தொடங்கியது. 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி. சுமார் 19 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க 12 ஆண்டுகள். பிரம்மாண்டமாகக் கட்டி ஆளில்லாமல் கிடந்த ஸ்டேஷன்கள், கால்வாய்க்குள் நட்ட தூண்கள் என்று அதன்மேல் உள்ள குறைகளுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். கால்வாயின் நீரோட்டத்தை அந்தத் தூண்கள் கெடுத்தன என்ற விமர்சனம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்ப வரும்.

ஆனாலும் இந்தியாவில் ஒரு நகரம் தன் ரயிலைத் தூணின்மேல் ஏற்றியது அங்கேதான் முதல்முறை. டெல்லி மெட்ரோ வந்தது 2002இல். இன்று ஊருக்கு ஊர் உயர்மட்ட மெட்ரோ பேசுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் வந்த அண்ணன் இது. நல்லது கெட்டது இரண்டையும் இதில் இருந்துதான் மற்ற நகரங்கள் கற்றுக்கொண்டன.

அதில் ஓடிய பெட்டிகளில் தனிச்சிறப்பு ஏதாவது உண்டா? உண்மையைச் சொன்னால், இல்லை. கீழே தாம்பரத்துக்கு ஓடும் அதே ரகப் பெட்டிதான் மேலேயும் ஓடியது. ஆனால் அந்த ‘சாதாரண’த்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து எதையும் இறக்காமல், பெரம்பூர் ஐசிஎஃப் செய்துகொடுத்த புறநகர் வண்டியை வைத்தே ஒரு உயர்மட்ட ரயிலை நடத்திக் காட்டினார்கள். பத்து ரூபாய்க்குள் பயணம் சாத்தியமானதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம். சென்னை மெட்ரோவின் முதல் சில வண்டிகள் பிரேசிலில் இருந்து கப்பலில் வந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், இருபது ஆண்டுகளில் இந்த நாட்டின் பொருளாதாரம் எப்படி மாறியது என்று பாடம் எடுக்காமலேயே புரியும்.

ஐசிஎஃப்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் ஓடியபோது, அந்தப் பெட்டிகள் சென்னையில் செய்தவை. குளிர்சாதனம் இல்லாத அந்த வகை வண்டிகள் சரியாக 37 ஆண்டுகள் கழித்து, 2021இல் அதே அக்டோபர் 24 அன்று ஓய்வு பெற்றன. கொல்கத்தா மெட்ரோ நிர்வாகம் அதை ஒரு விழாவாகவே நடத்தி வழியனுப்பியது. தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு யாரோ ஒருவர் அக்கறையோடு இருந்திருக்கிறார். சென்னையிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

லிவர்பூல் உயர்மட்ட ரயில் 1956 டிசம்பர் 30 அன்று மூடப்பட்டது. தூண்கள் தாங்கிய இரும்புத் தளம் துருப்பிடித்துவிட்டது, பழுதுபார்க்கக் கம்பெனியிடம் பணம் இல்லை. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கிய துறைமுகத் தொழிலாளர்கள் அதைத் தங்களுடைய குடை என்று செல்லமாகச் சொல்வார்கள். குடையைப் பிரித்து விற்றுவிட்டார்கள். மிஞ்சிய ஒரு மோட்டார் பெட்டி, எண் 3, இப்போது லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தரையில் வைக்கவில்லை. அந்தக் காலத்தில் தண்டவாளம் இருந்த உயரத்திலேயே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். மேலே ஓடிய ரயில் என்பது அப்போதுதானே புரியும்?

சிகாகோவில் 1892ஆம் ஆண்டின் எண் 1 பெட்டி நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அது ஓடாது. ஆனால் 1923இல் செய்த இரண்டு பெட்டிகளை அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறது. விசேஷ நாட்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தில் யூனியன் என்ற சிற்றூரில் உள்ள இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம் தொடங்கிய விதம் இன்னும் சுவாரஸ்யம். 1953இல் 10 பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, உடைக்கப் போன ஒரு மின்சார ரயில் பெட்டியை வாங்கினார்கள். அரசு இல்லை, கம்பெனி இல்லை. இன்று அது அமெரிக்காவின் மிகப் பெரிய ரயில் அருங்காட்சியகங்களில் ஒன்று. சிகாகோவின் பழைய உயர்மட்டப் பெட்டிகள் பல அங்கே ஓடுகின்றன.

நியூயார்க் கதையில் ஒரு சிக்கலான பாடம் இருக்கிறது. அங்கே 1900களின் தொடக்கத்தில் செய்த மூன்று மரப்பெட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஏன் மரம்? சுரங்கப் பாதையில் தீப்பிடித்தால் ஆபத்து என்பதால் அங்கே இரும்புப் பெட்டி கேட்டார்கள். மேல்மட்டப் பாதையின் தூண்களுக்கோ எடை குறைவான வண்டி தேவைப்பட்டது. அதனால் மரம் அங்கே தொடர்ந்தது. 1918இல் புரூக்ளினில் மரப்பெட்டி ரயில் ஒன்று வளைவில் தடம் புரண்டு 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாக்கப்படும் பெட்டி பழைய இனிமையை மட்டும் சொல்லாது. ஏன் விதிகள் மாறின என்பதையும் சொல்லும்.

அந்த மூன்று பெட்டிகளும் 1930களின் இறுதியில் உலகக் கண்காட்சிக்காக உருமாற்றப்பட்டவை. 1969 வரை அந்த மாறிய கோலத்தில்தான் ஓடின. ஓய்வு பெற்ற பிறகு, மாற்றங்களை எல்லாம் நீக்கிப் பழைய கோலத்துக்கே கொண்டுபோனார்கள். இது சரியா? எந்த ஆண்டின் தோற்றத்தை நிலைநிறுத்துவது? முதல் நாள் தோற்றமா, மக்கள் அதிக காலம் பார்த்த தோற்றமா? ரயில் பாதுகாப்பாளர்கள் முட்டி மோதிக்கொள்ளும் கேள்வி இதுதான். சென்னைப் பெட்டிக்கும் இது வரும். கீறல் விழுந்த இருக்கை, ஜன்னல் ஓரம் யாரோ கிறுக்கிய காதல் பெயர், ‘உட்கார்ந்தே போலாம்’ என்ற ரியல் எஸ்டேட் ஸ்டிக்கர்... துடைத்துவிடுவதா, விட்டுவைப்பதா? ஒரு மூலையையாவது அப்படியே விட்டுவைப்பது நல்லது. பளபளவென்று பெயின்ட் அடித்த பெட்டியில் பயணிகளின் தடம் இருக்காது.

ஒரு பெட்டியைக் காப்பது எப்படி?

முதல் விஷயம், கூரை. இதைவிட முக்கியமானது எதுவுமில்லை. இரும்புப் பெட்டியை வெயிலிலும் மழையிலும் நிறுத்திவிட்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தால், வெளியே புதுசாகத் தெரியும். உள்ளே தரைத்தகட்டின் அடியிலும், பக்கச் சுவர் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்திலும், கழிவுநீர் தேங்கும் மூலைகளிலும் துரு தின்றுகொண்டே இருக்கும். கடற்கரை ஊரான சென்னையில் உப்புக்காற்று வேறு. பத்து வருடத்தில் ‘பாதுகாக்கப்பட்ட’ பெட்டியைப் பாதுகாப்பாக உடைத்து எடுக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

அடுத்தது, எதை எடுத்து வைப்பது என்ற தேர்வு. மின்சார ரயிலில் பெட்டிகள் தனித்தனி ஆட்கள் கிடையாது. மோட்டார் உள்ள பெட்டி, இல்லாத பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு யூனிட். நல்ல நிலையில் இருக்கிறதே என்று மோட்டார் இல்லாத பெட்டி ஒன்றை எடுத்து வைத்தால் அது வெறும் கூடு. மேற்கூரையில் கம்பியைத் தொடும் பேன்டோகிராஃப், மின்மாற்றி, மோட்டார், ஓட்டுநர் அறை, கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஒரு முழு யூனிட்டை ஒதுக்குவதுதான் முறை.

மூன்றாவது, காகிதம். வயரிங் வரைபடம், பராமரிப்புக் கையேடு, பழுதுப் பதிவேடு இவையெல்லாம் பெட்டியைவிட முன்னால் காணாமல் போகும். பணிமனை இடம் மாறும்போது அலமாரியோடு எடைக்குப் போய்விடும். வெளிநாடுகளில் பழைய வண்டியை உயிர்ப்பிக்க முயன்றவர்கள் பலரும் சொல்லும் புகார், வண்டி கிடைத்தது, வரைபடம் கிடைக்கவில்லை என்பதுதான். செல்போனில் ஸ்கேன் செய்யும் காலத்தில் இதற்குச் செலவே கிடையாது.

பிறகு மனிதர்கள். இது திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. ஆனால் மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அங்காடியில் ஒரு பழைய பூட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். சாவி திரும்பும்போது உள்ளே எந்த நெம்புகோல் எப்படி விழுகிறது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது இரும்புத்துண்டு. மின்சார ரயிலும் அதேதான். காதில் சத்தம் விழுந்தவுடன் எந்த மோட்டாரில் கோளாறு என்று சொல்லும் மெக்கானிக்குகள், மீட்டர்கேஜ் வண்டியை ஓட்டிய மோட்டார்மேன்கள் 2004இலேயே வேறு வேலைக்கு மாறி, பலரும் ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவர்கள் பேச்சை வீடியோவில் பதிவு செய்ய இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

‘இதுக்கெல்லாம் காசு எங்கே இருக்கு?’

நியாயமான கேள்வி. பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இன்னும் நாலு ரயில் விடு என்று ஜனங்கள் கேட்கும்போது பழைய பெட்டிக்குக் கொட்டகை கட்டுவதா என்று கோபம் வரலாம். ஆனால் இரண்டும் ஒரே பையில் இருந்து எடுக்கும் காசு இல்லை. புது ரயில் விடுவதும் பாதை போடுவதும் கோடிக்கணக்கில் போகும் வேலை. ஒரு யூனிட்டைப் பழைய இரும்பு விலைக்கு விற்காமல் வைத்துக்கொள்வதால் ரயில்வேக்கு வரும் நட்டம், அந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி. உண்மையான செலவு அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வரும் பராமரிப்பு. அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு கூரை, ஒரு சிறு ஒதுக்கீடு வேண்டும்.

இடமும் இருக்கிறது. பெரம்பூர் பக்கம் ஐசிஎஃப் வளாகத்தில் 2002 முதல் சென்னை ரயில் அருங்காட்சியகம் இயங்குகிறது. திருச்சியில் ஒன்று 2014இல் வந்தது. ரயில்வே வாரியத்தில் பாரம்பரியத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இன்னும் பொருத்தமான இடம் ஒன்றும் உண்டு. பறக்கும் ரயிலின் ஸ்டேஷன்களிலேயே வாடகைக்கு ஆள் வராமல் காலியாகக் கிடக்கும் தளங்கள் எத்தனை! நியூயார்க் நகரப் போக்குவரத்து அருங்காட்சியகம் 1976 முதல் பயன்பாட்டில் இல்லாத ஒரு பாதாள ஸ்டேஷனுக்குள்தான் நடக்கிறது. படிக்கட்டில் இறங்கினால் பிளாட்பாரத்தின் இரு பக்கமும் பழைய வண்டிகள். உள்ளே போய் உட்காரலாம். தனியாகக் கட்டடம் கட்டவில்லை, புதிதாகத் தண்டவாளம் போடவில்லை.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. பெட்டிகள் இப்போது ரயில்வேயின் சொத்து. தடம் கைமாறும்போது, தேவையில்லாத வண்டிகளை யார் என்ன செய்வது என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக முடிந்துவிடும். அந்த வரி எழுதப்பட்ட பிறகு கேட்டால், ‘சொத்து எங்களுடையது இல்லை’ என்று இரண்டு பக்கமும் கை விரிக்க வசதியாகிவிடும். 25 ஆண்டு ஆயுள் என்ற வழக்கமான கணக்கில், 1995இல் வந்த வண்டிக்கு 2020இலேயே காலம் முடிந்துவிட்டது. இருக்கும் பெட்டிகளில் மூத்தது எது, அதன் எண் என்ன, எந்த ஆண்டு ஐசிஎஃப்பில் இருந்து வெளியே வந்தது என்று தெற்கு ரயில்வே ஒரு பட்டியல் போடுவதற்கு ஒரு வாரம் போதும். பட்டியலில் இருந்து ஒரு யூனிட்டை ‘ஏலத்துக்கு அல்ல’ என்று குறிப்பதற்கு ஒரு கையெழுத்து.

சென்னை மெட்ரோவும் இதில் சேர்ந்துகொள்ளலாம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே அது ஓடத் தொடங்கியது. பிரேசிலில் இருந்து வந்த அந்த முதல் வண்டிகளுக்கும் ஒருநாள் ஓய்வு வரும். எந்த வண்டியை வைத்துக்கொள்வது என்று இப்போதே ஒரு எண்ணைக் குறித்துவைத்தால், முப்பது வருடம் கழித்து யாரும் அலைந்து தேட வேண்டியதில்லை.

திண்டுக்கல் பக்கம் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. மீட்டர்கேஜ் காலத்துக் கெட்டி அட்டை டிக்கெட், கருப்பு வெள்ளைப் படம், ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவின் பாஸ், கால அட்டவணைப் புத்தகம் என்று ஏதாவது ஒன்று நிறைய வீட்டுப் பரணில் கிடக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீடு ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதைப் போகியில் போடாமல், படம் எடுத்து, எந்த ஆண்டு, எந்த ரயில், எந்த ஸ்டேஷன் என்று பின்னால் எழுதி வைக்கலாம். திருச்சி அருங்காட்சியகம் இரண்டு மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது.